பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கும் மாப்பிள்ளைக்கு

மாப்ளே, மறுபடியும் அதே கடவாப்பல்லை அடைச்சுக்கிட்டு வந்திருக்கியாமே. போன தடவை அடைச்சது ஒரு பண்டிகைகூடத் தாங்கலைன்னு கோப்பிக்கடையில உட்கார்ந்து அந்தப் பல் டாக்டர் மானத்தை வாங்கிக்கிட்டிருந்தியாம். எனக்கு எல்லாம் காதுக்கு வரும்லா. பினாங்குல ஒரு சேதி பாலத்தைத் தாண்டுறதுக்குள்ள நாலு பேரு அதுக்கு மசாலா அரைச்சுப் போட்டுடுவாங்க.

டாக்டரை ஏன்டா திட்டுறே? பாவம், அவர் பகல்ல அடைக்கிறாரு, நீ ராத்திரியில அரைச்சு எடுக்கிறே. உன் வீட்டுக்காரி என்கிட்ட சொன்னதைச் சொல்றேன், கேளு. நீ படுத்த கொஞ்ச நேரத்துல குறட்டை ஆரம்பிக்குதாம். சுவத்துல மாட்டியிருக்கிற முருகன் படம் ஆடுதாம். திடீர்னு குறட்டை நிக்குமாம். அப்பாடான்னு அவ கண்ணை மூடினா, கூடவே மூச்சும்ல நின்னிருக்கு! அவ ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிக்கிறா. உலுக்கலாமா, உங்க அம்மாவைக் கூப்பிடலாமான்னு யோசிக்கிற நேரத்துல நீ ஒரு கனைப்புக் கனைச்சு, பல்லை நறநறன்னு கடிச்சு, புரண்டு படுத்து, மறுபடியும் முருகனை ஆட்ட ஆரம்பிக்கிறே. காலையில பசியாற வந்து உட்கார்ந்து, "நல்ல தூக்கம் மாமா"ங்கிறே. தூங்கினவன் நீ, கணக்கு எழுதினவ அவ. இதுல யார் பேச்சை நான் நம்புறது?

நான் என்னத்தைக் கண்டேன், செபராங் பிறைத் தோட்டத்துல கித்தா மரம் வெட்டின கிழவன். ஆனா என் பேத்தி பெடோங் பக்கம் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துல பல் டாக்டருக்குப் படிக்கிறாளா, லீவுல வந்தா அவ புத்தகத்தை நான்தான் மடியில வச்சுக்கிட்டிருப்பேன். நான் படம் பார்ப்பேன், அவ கதை சொல்லுவா. இப்படியே பாதி டாக்டராயிட்டேன். மீதிப் பாதிக்கு ஆயுசு பத்தாது. அதனால பாதி வைத்தியம்தான் சொல்லுவேன், மீதிக்கு நீ ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

உனக்கு இருக்கிறது தூக்க மூச்சுத்தடையோன்னு எனக்குச் சந்தேகம். ஸ்லீப் ஆப்னியான்னு டாக்டருங்க சொல்றது. தூக்கத்துல 10 செகண்டோ அதுக்கு மேலயோ காத்து நின்னாலோ, ரொம்பக் குறைஞ்சு போனாலோ அது ஒரு தடவைன்னு கணக்கு. பெரியவங்களுக்கு மணிக்கு 5 தடவைக்குள்ள இருந்தா விட்டுடுவாங்க. 5லேர்ந்து 15 வரைக்கும் லேசு, 30 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல போனா கடுமை. மணிக்கு 30ன்னு வச்சுக்க. ஏழு மணி நேரம் படுத்தா 210 தடவை. அத்தனை தடவையும் மூளை பதறி உன்னைத் தட்டி எழுப்புது. நீ முழிச்சது உனக்கே தெரியாது. அதனாலதான் காலையில தலைவலி, மத்தியானம் கொட்டாவி, சாயங்காலம் யாரைப் பார்த்தாலும் கோபம்.

தொண்டைக்குள்ள காத்து போற வழியைத் தாங்க எலும்பு கிடையாது, எல்லாம் சதை. முழிச்சிருக்கிறப்ப விறைப்பா நிக்கும், தூங்கினா தளரும். மல்லாக்கப் படுத்தா நாக்கு பின்னால சரியும். பினாங்கு ரோட்டுல செண்டோல் வாங்கிக் காகிதக் குழாயை நல்லா ஊறவிட்டு உறிஞ்சிப் பாரு. நீ பலமா இழுக்க இழுக்க அது ஒட்டிக்கிட்டு அடம் பிடிக்கும். உன் தொண்டை ராத்திரியில பண்றது அதுதான். கழுத்துல கொழுப்பு சேர்ந்தா வழி இன்னும் குறுகும். 2023ல எடுத்த தேசிய உடல்நல ஆய்வுல இந்த நாட்டுப் பெரியவங்கள்ல பாதிக்கு மேல எடை கூடினவங்கன்னு வந்துச்சு. அதுக்காக ஒல்லியா இருக்கிறவன் தப்பிச்சான்னு இல்லை. நம்ம ஆசியாக்காரங்களுக்குத் தாடை அமைப்பாலயே, தொந்தி இல்லாமலேயே இது வருதாம். உனக்குத் தாடையும் சின்னது, தொந்தியும் பெருசு. ரெண்டு பக்கமும் சீட்டு எடுத்திருக்கே.

சரி, இதுக்கும் கடவாப்பல்லுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கிறே. கேளு, கேளு, வாயைத்தான் தொறந்துக்கிட்டே இருக்கியே.

மூச்சு முட்டுறவன் வாயைப் பிளந்துக்கிட்டுத் தூங்குவான். எச்சில் ஒரு நாளைக்கு அரை லிட்டர்லேர்ந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் ஊறுதாம். ஆனா தூக்கத்துல அது ஏற்கெனவே ரொம்பக் கம்மி. இருக்கிற கொஞ்சத்தையும் நீ காத்துல காய வைக்கிறே. பல்லுக்குக் காவக்காரன் எச்சில்தான். அமிலத்தை ஆத்துறது, ஒட்டினதைக் கழுவுறது, கரைஞ்ச எனாமலுக்குச் சுண்ணாம்புச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது, எல்லாம் அதோட வேலை. வாயோட அமிலக் கணக்கு 5.5க்குக் கீழ போனா எனாமல் கரைய ஆரம்பிக்கும். நீ என்ன பண்றே? படுக்கப் போறதுக்கு முன்னாடி கெட்டிப்பால் மிதக்கிற தே தாரிக் ஒரு குவளை. குடிச்சிட்டு வாயைக் கொப்பளிக்கிறதுகூட இல்லை. அந்தச் சீனி ராத்திரி பூரா உன் பல்லு மேல குடித்தனம் பண்ணுது, விரட்ட ஆள் இல்லை. பல்லோட கழுத்துல, அடைச்ச சிமெண்டு ஓரத்துல, புதுசு புதுசா சொத்தை வராம என்ன செய்யும்? காய்ஞ்ச வாயில முன்பல் ஈறும் சிவந்து வீங்கும், வாடையும் வரும். உன் வீட்டுக்காரி கூடத்துல பாய் போட்டதுக்குக் குறட்டை மட்டும்தான் காரணம்னு நினைச்சுக்கிட்டிருக்கே. அவ மரியாதை தெரிஞ்சவ, மீதியைச் சொல்லலை.

ரெண்டாவது சங்கதி, வயித்துப் புளிப்பு. அடைச்ச தொண்டைக்கு எதிரா நெஞ்சு இழுக்கிற இழுப்புல வயித்து அமிலமும் மேல ஏறி வருமாம். அதுக்கு நீ தோரணம் வேற கட்டுறே. ராத்திரி பன்னெண்டு மணிக்கு நாசி கண்டார், நாலு கறிக்குழம்பையும் கலந்து பஞ்சிரா ஊத்தச் சொல்லி, கோழிப்பொரியல் தனி. தின்னுட்டு அப்படியே சாய்ஞ்சா அது மேல வராம என்ன பண்ணும், பாவம்? மேல்பல்லோட உள்பக்கத்தை நாக்கால தடவிப் பாரு. வழவழன்னு தேய்ஞ்சிருந்தா அது நீ தேய்ச்ச தேய்ப்பு இல்லை, அமிலம் தின்ன இடம். இன்னொண்ணு, புளிச்ச வாயோட எழுந்து உடனே பிரஷ்ஷைப் போட்டு இழுக்காதே. எனாமல் அப்பத்தான் இளகியிருக்கும். தண்ணியில கொப்பளிச்சிட்டு அரை மணி நேரம் பொறு.

மூணாவதுதான் உன் நறநற. எல்லார் பல்கடிக்கும் மூச்சுத்தடைதான் காரணம்னு நான் சொல்லலை. கவலையில கடிக்கிறவன் இருக்கான், சில மாத்திரையால கடிக்கிறவன் இருக்கான், கோப்பியும் சிகரெட்டும் கூட்டுச் சேர்ந்தும் கடிக்க வைக்கும். ஆனா மூச்சுத்தடை இருக்கிறவங்கள்ல நிறையப் பேரு பல்லைக் கடிக்கிறாங்க. மூடின வழியைத் தொறக்கத் தாடை பண்ற முயற்சி அதுன்னு ஒரு கட்சி. மூளை திடுக்குன்னு முழிக்கிறப்ப தாடையும் சேர்ந்து துள்ளுது, அவ்வளவுதான்னு எதிர்க்கட்சி. அந்தச் சண்டை இன்னும் தீரலை. அதுக்குள்ள உடையிறது உன் பல்லு, அடி வாங்குறது உன் அடைப்பு, பேர் கெடுறது டாக்டருக்கு.

ஈறு அரிச்சுப்போற வியாதியும் மூச்சுத்தடைக்காரங்களுக்குக் கூடுதலா இருக்குன்னு பல ஆய்வுல வந்திருக்கு. மூச்சுத்தடை ஈறு வியாதியைக் கொண்டு வருதா, இல்லை ரெண்டையும் வேற ஒண்ணு கூட்டிக்கிட்டு வருதான்னு தீர்ப்பு வரலை. அந்த வேற ஒண்ணு யாருன்னு உனக்கே தெரியும். இந்த நாட்டுப் பெரியவங்கள்ல ஆறு பேருக்கு ஒருத்தர் வீட்டுல குடியிருக்கிற சர்க்கரைதான்.

இப்ப உன் கெட்டிக்காரத்தனத்துக்கு வர்றேன். பல்லு தேயுதுன்னு தெரிஞ்சதும் நீ கம்ப்யூட்டர்ல பார்த்து, மேல்பல்லுக்கு மாட்டுற பிளாஸ்டிக் கவசம் ஒண்ணை நீயே வாங்கிட்டியாமே, கொதிநீர்ல போட்டுக் கடிக்கிற சாமான். தேய்மானத்தை அது தடுக்கும்தான். ஆனா மூச்சுத்தடை இருக்கிறவனுக்கு அது மூச்சைச் சரி பண்ணாது. கனடாவுல 2004ல பத்தே பேரை வச்சு ஒரு சின்ன ஆய்வு பண்ணிப் பார்த்தாங்க. மேல்பல்லுக் கவசம் போட்டதுல சிலருக்கு மூச்சுத்தடை முன்னைவிடக் கூடிப்போச்சு. பத்துப் பேரை வச்சு உலகத்துக்கே சட்டம் போட முடியாது, ஒத்துக்கிறேன். ஆனா பல்கடின்னு யாராவது கவசம் செஞ்சு கொடுத்தா, "நான் குறட்டை விடுவேன், நடுவுல மூச்சும் நிக்குதாம்"னு முதல்லயே வாயைத் தொறந்து சொல்லணும். நீதான் பல் டாக்டர்கிட்ட மட்டும் வாயைத் தொறக்க மாட்டேங்கிறியே. தைப்பூசத்துக்கு நாக்குலயும் கன்னத்துலயும் வேல் குத்திக்கிட்டுத் தண்ணீர்மலை படி எல்லாம் சிரிச்ச முகமா ஏறின ஆளு, மரத்துப்போக ஒரு சின்ன ஊசின்னா நாற்காலிக் கையைப் பிடுங்கி எடுத்துடுறே. முருகனுக்கே வெட்கமா இருக்காதா?

நல்ல பல் டாக்டர் உன் வாயைப் பார்த்தே பாதிக் கதையைப் படிச்சிடுவாரு. நாக்கோட ஓரத்துல பல்லு பதிஞ்ச தடம் இருக்கா, அண்ணம் குறுகி உசந்திருக்கா, கீழ்த்தாடை உள்ளடங்கியிருக்கா, கடவாப்பல்லு தட்டையா தேய்ஞ்சிருக்கா. அப்புறம் நாக்கை நீட்டச் சொல்லி உள்நாக்கு எவ்வளவு தெரியுதுன்னு பார்ப்பாரு. அந்தப் பார்வைக்கு மல்லம்பட்டி அளவுன்னு பேரு. ஆந்திராவுல பிறந்து அமெரிக்கா போன மயக்கமருந்து டாக்டர் சேஷகிரி மல்லம்பட்டி 1985ல எழுதினது. ஆபரேஷன்ல தொண்டைக்குள்ள குழாய் விடுறது கஷ்டமா இருக்குமான்னு பார்க்க வச்ச அளவு, இப்ப குறட்டைக்காரங்க வாயிலயும் கணக்குப் பார்க்குது.

ஆனா பல் டாக்டர் சந்தேகப்படலாம், முத்திரை குத்த முடியாது. அதுக்குத் தூக்கப் பரிசோதனைதான் சாட்சி. முதல்ல அரசாங்க கிளினிக்குக்குப் போ. ஒரு வெள்ளி கொடுத்தா டாக்டரைப் பார்க்கலாம். கோப்பிக்கடையில நீ டாக்டரைத் திட்ட வாங்குற கோப்பி அதைவிட விலை. அங்கேயிருந்து கடிதாசு வாங்கிக்கிட்டுப் பெரியாஸ்பத்திரியில காது மூக்கு தொண்டைப் பக்கமோ நெஞ்சு டாக்டர் பக்கமோ போகணும். தலையில ஒயரு, மூக்குல குழாய், நெஞ்சுல பட்டை, விரல்ல பிராணவாயு பார்க்கிற கிளிப்பு, இத்தனையும் மாட்டிக்கிட்டு ஒரு ராத்திரி தூங்கணும். வீட்டுலயே மாட்டிக்கிற சின்னப் பெட்டியும் இருக்கு. அதுக்கு முன்னாடி எட்டுக் கேள்வி கேப்பாங்க. 2008ல டொரன்டோவுல உருவாக்கினது. குறட்டை உண்டா, பகல்ல அசதியா, மூச்சு நிக்கிறதை யாராவது பார்த்தாங்களா, ரத்தக்கொதிப்பு உண்டா, எடை எவ்வளவு, வயசு 50க்கு மேலயா, கழுத்து 40 சென்டிமீட்டருக்கு மேலயா, ஆம்பளையா. போன தீபாவளிச் சட்டைக்குக் கழுத்துப் பித்தானே போட முடியலை உனக்கு. தையக்காரர் அப்பவே பரிசோதனை பண்ணிட்டாரு, நமக்குத்தான் புரியலை.

ஆம்பளையான்னு கேக்கிறதால பொம்பளைங்களுக்கு வராதுன்னு எடுத்துக்காதே. மாதவிடாய் நின்ன பிறகு அவங்களுக்கும் கூடும். அவங்களுக்குக் குறட்டை அவ்வளவு சத்தமா இருக்காது. தூக்கம் வரலை, தலை வலிக்குது, உடம்பு ஓயுதுன்னுதான் சொல்லுவாங்க. அதுக்கு நாம தைலத்தை எடுத்துக் கொடுத்துட்டுப் போயிடுவோம். உங்க அம்மா, என் அக்கா, கொஞ்ச நாளா இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கு. ஆம்பளை குறட்டை விட்டா ஊரே சிரிக்குது, அக்கா குறட்டை விட்டா வீட்டுல யாருமே கேக்காத மாதிரி நடிக்கிறீங்க. போறப்ப அதையும் கூட்டிக்கிட்டுப் போ.

உன் சின்னவன் விஷயமும் இருக்கு. பிள்ளை குறட்டை விட்டா "அப்பனுக்குப் பிள்ளை தப்பாம பிறந்திருக்கு"ன்னு மீசையை முறுக்காதே. பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் டான்சிலும் மூக்குக்குப் பின்னால இருக்கிற அடினாய்டும் வீங்கி வழியை மறிக்கும். வாயாலயே மூச்சு விட்டு விட்டு, மேல்தாடை குறுகி, பல்லு நெருக்கியடிச்சு முளைக்கும். ராத்திரி படுக்கையை நனைப்பான், பகல்ல ஒரு இடத்துல உட்கார மாட்டான், படிப்பு இறங்கும். வாத்தியாரு குறும்புன்னு எழுதி அனுப்புவாரு. இந்த விஷயத்துல நம்ம ஊருக்கு ஒரு பெருமை இருக்கு. பிள்ளைங்க பல்லைப் பார்க்கிறதுக்குன்னே நர்ஸுங்களைப் பழக்கிற பள்ளிக்கூடத்தை, நியூசிலாந்துல செஞ்ச முறையைப் பார்த்து, 1949லயே இங்க பினாங்குலதான் தொடங்கினாங்க. அங்கே படிச்ச பொண்ணுங்கதான் நாடு பூரா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய்ப் பிள்ளைங்க வாயைப் பார்த்தாங்க. பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்க வர்றப்ப உன் பையன் கழிப்பறையில போய் ஒளியிறானாம். அதுவும் உன் ரத்தம்தான்.

இனி வைத்தியம். 1981க்கு முன்னாடி கடுமையான கேஸுக்குத் தொண்டையில ஓட்டை போடுறதுதான் நிச்சயமான வழி. சிட்னியில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர், தூசி உறிஞ்சுற மெஷினோட மோட்டாரைத் திருப்பிப் போட்டு, மூக்கு வழியா காத்தை உள்ளே தள்ளிப் பார்த்தாரு. காத்தோட அழுத்தத்துல தொண்டை மூடாம நின்னுச்சு. 1981ல அஞ்சு பேரோட கதையை எழுதி வெளியிட்டாரு. சிபாப்ங்கிற அந்த மெஷின்தான் இன்னைக்கும் முதல் வைத்தியம். மூஞ்சியில முகமூடி, பக்கத்துல பெட்டி. கட்டிக்கிட்டா பார்க்கச் சகிக்காதுங்கிறே. இப்ப மட்டும் என்ன, வாயைப் பிளந்துக்கிட்டுப் படுத்திருக்கிறப்ப மன்மதனா? அதுலயும் வாய்க்கு ஒரு வம்பு உண்டு. காத்து வாய் வழியா ஒழுகினா இன்னும் காயும். ஈரம் சேர்க்கிற தொட்டியோட வாங்கணும், முகமூடி சரியான அளவுல இருக்கணும். வருஷக்கணக்குல அழுத்தி அழுத்தி மேல் முன்பல்லு கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனதும் பதிவாகியிருக்கு. அதுக்காக மெஷினை விட்டுடாதே, பல் டாக்டர்கிட்ட இன்னதை மாட்டுறேன்னு சொல்லி வை. அப்புறம் ஒண்ணு, மலிவா கிடைக்குதேன்னு யாரோ பாவிச்ச பெட்டியை வாங்கிடாதே. 2021 ஜூன்ல பிலிப்ஸ் கம்பெனி, உள்ளே இருக்கிற நுரைப்பஞ்சு உதிருதுன்னு லட்சக்கணக்கான மெஷினைத் திருப்பி வாங்கினாங்க. அதுல ஒண்ணு சந்தையில உனக்காகவே காத்துக்கிட்டிருக்கும்.

மெஷின் ஒத்துக்கலைன்னா அடுத்தது பல் டாக்டர் கைவேலை. நான் சொல்ல வந்தது இதைத்தான். இதுவரைக்கும் உன்னை உட்கார வைக்கப் பேசினேன். மேல்பல்லுக்கு ஒரு தகடு, கீழ்ப்பல்லுக்கு ஒரு தகடு. ரெண்டும் சேர்ந்து கீழ்த்தாடையை முன்னால இழுத்து நிறுத்தும். தாடை முன்னே வந்தா நாக்கும் கூடவே வரும், தொண்டை தொறக்கும். 1902லயே பிரான்ஸ்ல பியர் ரோபான்னு ஒரு டாக்டர், தாடை சின்னதா பிறந்து மூச்சு முட்டின பிள்ளைங்களுக்கு இந்தக் கணக்குல ஒண்ணு செஞ்சாரு. நம்ம ஊர்ல கேட்டா புதுசா வந்ததுன்னுதான் சொல்லுவாங்க. 2015ல அமெரிக்காவுல தூக்க டாக்டருங்களும் பல் டாக்டருங்களும் சேர்ந்து உட்கார்ந்து, மெஷின் தாங்காத பெரியவங்களுக்கு இதைக் கொடுக்கலாம், ஆனா வாய்க்கு அளவெடுத்துச் செஞ்சதா, கூட்டிக் குறைக்க முடியறதா இருக்கணும்னு எழுதி வச்சாங்க. மூச்சுத்தடையைக் குறைக்கிறதுல மெஷின் இதைவிடக் கெட்டி. ஆனா மெஷினை மூலையில வச்சுட்டுத் தூங்குறவனைவிட, தகட்டை ராத்திரி பூரா மாட்டுறவன் தேவலாம்.

இப்ப வேடிக்கையைக் கேளு. அந்தத் தகடு எதைப் பிடிச்சு நிக்கும்? பல்லைத்தான். மேல எட்டுப் பத்து, கீழ எட்டுப் பத்து, ஆடாத பல்லா இருக்கணும். ஈறு கெட்டியா இருக்கணும். தாடையை அரை சென்டிமீட்டராவது முன்னால தள்ளத் தெரியணும். குறட்டை வியாதி உன் பல்லை ஒவ்வொண்ணா தின்னுக்கிட்டே வருது. கடைசியில, "சரி, வைத்தியம் பண்ணிக்கிறேன்"னு நீ வந்து நிக்கிறப்ப, தகடு மாட்டப் பல்லு இருக்காது. திருடன் வீட்டுச் சாமானோட வாசக்கதவையும் கழட்டிக்கிட்டுப் போன கதை இது. அதனாலதான் அந்தக் கடவாப்பல்லு மேல எனக்கு இவ்வளவு அக்கறை, உன் சிரிப்பழகைப் பார்க்க இல்லை.

வரிசையும் முக்கியம். சொத்தையை அடைச்சு, ஈறைச் சுத்தம் பண்ணி, கிரவுன் போடணும்னா போட்டு முடிச்ச பிறகுதான் தகட்டுக்கு அளவு எடுக்கணும். தகடு செஞ்சப்புறம் கிரவுன் மாத்தினா தகடு உட்காராது, ஆயிரக்கணக்குல கொடுத்த வெள்ளி டப்பாவுக்குள்ள தூங்கும். தகடு போட்ட புதுசுல காலையில தாடை வலிக்கும், எச்சில் ஒழுகும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கொஞ்ச நேரம் ஒண்ணோட ஒண்ணு பேசாது. அதுக்குக் காலையில கடிச்சுப் பழகச் சின்னப் பயிற்சி சொல்லிக் கொடுப்பாங்க. வருஷம் போகப் போகக் கடி நிரந்தரமாவே கொஞ்சம் மாறலாம். அதனால முதல் வருஷம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவையும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையும் காட்டணும். தகடு போட்டதும் குறட்டை நின்னுச்சுன்னு கொட்டு அடிச்சுடாதே. சத்தம் நின்னாலும் மூச்சுத்தடை மிச்சம் இருக்கலாம். மாட்டிக்கிட்டே மறுபடியும் ஒரு ராத்திரி பரிசோதனை செஞ்சு பார்த்தாத்தான் கணக்கு முடியும்.

பல்லே இல்லாத என் கதையைக் கேக்கிறியா? என் பல்செட்டு ராத்திரியில தண்ணிக் குவளையில என்னைவிட நல்லா தூங்குது. பேத்தி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டா. 2006ல இத்தாலியில பார்த்தாங்களாம், பல்லில்லாதவங்க செட்டைக் கழட்டிட்டுப் படுத்தா சிலருக்கு மூச்சுத்தடை கூடுதாம். சரி, மாட்டிக்கிட்டே படுக்கட்டுமான்னு கேட்டேன். அண்ணத்துல பூஞ்சை பிடிக்கும் தாத்தாங்கிறா. ஆளைப் பார்த்து முடிவு பண்ணணும், நீங்களும் பரிசோதனைக்கு வாங்கன்னா. பேச்சை மாத்திட்டேன்.

ஊதுற வைத்தியமும் ஒண்ணு உண்டு. சுவிட்சர்லாந்துல 25 பேரை வச்சு, ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆஸ்திரேலியப் பழங்குடிங்க ஊதுற டிஜிரிடூங்கிற நீளக் குழலைச் சொல்லிக் கொடுத்தாங்க. நாலு மாசம் ஊதினவங்களுக்குத் தொண்டைச் சதை இறுகி மூச்சுத்தடை குறைஞ்சதுன்னு 2006ல எழுதினாங்க. 2017ல அதுக்குச் சிரிப்பு நோபல்னு சொல்ற இக் நோபல்ல, அதுவும் அமைதிக்கான பரிசு. பக்கத்துல படுக்கிறவளுக்கு அமைதி கிடைச்சுதுல்ல! உனக்கு நாதஸ்வரம் சொல்லிக் கொடுக்கலாமான்னு கோயில் வித்வானைக் கேட்டுப் பார்க்கலாம்னு இருந்தேன். நாதஸ்வரத்துக்கு அந்தப் பலன் உண்டுன்னு யாரும் எனக்குச் சொல்லலை. உன் வீட்டுக்கு எதிர்வீட்டுச் சீனத்துப் பாட்டியை நினைச்சு விட்டுட்டேன்.

எடையைக் குறைன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் கணக்கா சொல்றேன். அமெரிக்காவுல விஸ்கான்சின்ல பல வருஷம் ஆளுங்களைத் தொடர்ந்து பார்த்து 2000ல எழுதினாங்க. எடை 10 சதவீதம் ஏறினா மூச்சுத்தடைக் கணக்கு 32 சதவீதம் ஏறுது, 10 சதவீதம் இறங்கினா 26 சதவீதம்தான் இறங்குது. ஏத்துறதுல இருக்கிற தாராளம் இறக்குறதுல இல்லை. ராத்திரி பீரையும் நிறுத்து, அது தொண்டைச் சதையை இன்னும் தளர்த்தும். மல்லாக்கப் படுக்காம ஒருக்களிச்சுப் படு.

இதெல்லாம் வெறும் பல்லு விஷயம்னு நினைச்சுடாதே. ஜிம்மி ஜிம்மி பாட்டுக்கு இசை போட்ட பப்பி லஹிரி, கழுத்து நிறையத் தங்கச் சங்கிலியோட திரிஞ்சவரு, 2022 பிப்ரவரி 15ந் தேதி மும்பை ஆஸ்பத்திரியில 69 வயசுல போனாரு. காரணம் இந்தத் தூக்க மூச்சுத்தடைன்னுதான் டாக்டருங்க சொன்னாங்க. நீ பட்டர்வொர்த்லேர்ந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குத் தினம் லோரி ஓட்டுறவன். 13.5 கிலோமீட்டர் பாலம், ரெண்டு பக்கமும் கடல். போன வாரம் சிவப்பு விளக்குல கண்ணசந்து, பின்னால இருக்கிறவன் ஹாரன் அடிச்சு எழுப்பினானாமே. பாலத்து நடுவுல விளக்கு கிடையாது மாப்ளே, ஹாரனுக்கு முன்னாடி இரும்புக் கம்பிதான் எழுப்பும். பரிசோதனை முடியிற வரைக்கும் ராத்திரி ஓட்டத்தை முதலாளி தவுக்கேகிட்ட சொல்லி மாத்திக்க.

டாக்டர்கிட்ட போறப்ப வெறுங்கையோட போகாதே, ஆதாரம் கேப்பாங்க. நீ தூங்குறப்ப குறட்டை, மூச்சு நிக்கிறது, அந்தக் கனைப்பு, பல்கடி எல்லாத்தையும் போன்ல படம் பிடிச்சு வைக்கச் சொல்லி உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்கேன். ரெண்டு ராத்திரிப் படம் ஏற்கெனவே என்கிட்ட வந்தாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள நீ கிளினிக்குக்குப் போகலைன்னா, அது குடும்ப வாட்ஸாப்புல ஏறும். சம்பந்தி வீட்டாரும் அதுல இருக்காங்க.